பத்தாயிரம் வாலாவில் எத்தனை சைபர்?

எனக்குப் பதினோரு வயதில் ஒரு தீபாவளியை நானே கெடுத்துக்கொண்டேன். கெடுத்தது மழை இல்லை. கணக்கு!

வெம்பக்கோட்டையில் மாமா வீடு. மாமா அங்கே ஃபயர் ஆபீஸில் போர்மேன். (வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: எங்கள் பக்கம் பட்டாசு ஆலைக்குப் பெயர் 'ஃபயர் ஆபீஸ்', தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயர் 'தீப்பெட்டி ஆபீஸ்'. 'மாப்பிள்ளைக்கு எங்க வேலை?' 'ஆபீஸ்ல' என்று பதில் வந்தால், பையன் ஃபேன் காற்றில் உட்கார்ந்து ஃபைல் புரட்டுகிறான் என்று அவசரப்பட்டுத் தட்டை மாற்றிவிடாதீர்கள்.)

அந்த வருஷம் மாமா எங்களுக்கு ஒரு ஆயிரம் வாலா கொண்டுவந்தார். சிவப்புக் காகிதத்தில் சுருட்டி, சின்னத் தலையணை சைஸில். தெருவில் விரித்துப் பற்றவைப்பதுதான் உலக வழக்கம். நானும் அத்தை மகனும் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பிரித்தோம். காரணம், ஐந்தாம் வகுப்பில் எங்கள் வாத்தியார், 'எதையும் சரிபார்க்காமல் நம்பாதே' என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு வெடியாகப் பிய்த்து, பத்துப் பத்தாகக் கூறு கட்டி எண்ணினோம். முதல் தடவை எண்ணியதில் எழுநூற்றுச் சொச்சம். மறுபடி எண்ணினோம். அப்போதும் எழுநூற்றுச் சொச்சம்தான், சொச்சம்தான் கொஞ்சம் மாறியது. மூன்றாவது தடவை அத்தை மகன், "நீ நாலஞ்ச டவுசர்ல போட்டுக்கிட்டே" என்று என்மேல் சந்தேகப்பட்டதில் கைகலப்பாகி, கணக்கு முடிவுக்கு வரவில்லை.

சாயங்காலம் மாமா வந்ததும் பிராது கொடுத்தேன். "மாமா, ஆயிரம் வாலால ஆயிரம் இல்ல!"

மாமா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. "எலே மாப்ளே, ஆயிரங்கிறது எண்ணு இல்லடா. பேரு! உங்க தெருவுல பொன்னுச்சாமின்னு ஒருத்தன் இருக்கானே, அவன் ஒடம்புல எத்தன பவுனுன்னு உரசியா பாத்தே?"

பிய்த்த வெடிகளைத் திரும்பக் கோர்க்க முடியாது. ஒவ்வொன்றாகக் கொளுத்தி, கார்த்திகை வரைக்கும் வைத்துக்கொண்டோம். இப்போது அந்த ஆராய்ச்சியை நீங்கள் தொடர முடியாது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடி தயாரிக்கவும் விற்கவும் வெடிக்கவும் தடை போட்டுவிட்டது. ஆயிரம் வாலா, ஐயாயிரம் வாலா, பத்தாயிரம் வாலா எல்லாமே பழைய கதை.

ஆனால், மாமா சொன்ன அந்த 'எண்ணு இல்லடா, பேரு' மட்டும் என்னை விடவில்லை.

2010 நவம்பர். மத்திய தணிக்கை அதிகாரியின் அலைக்கற்றை அறிக்கை வெளியான நேரம். ஊருக்குப் போயிருந்தேன். டீக்கடையில் பேப்பரைச் சுற்றிப் பத்துப் பேர். இழப்பு அதிகபட்சமாக 1,76,645 கோடி ரூபாய் இருக்கலாம் என்று அனுமானம். (வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் விடுதலை செய்தது. நான் சொல்ல வந்தது வழக்கு அல்ல, டீக்கடை.) "இத எப்படிய்யா எழுதுறது?" என்று ஒருத்தர் கேட்டார். அவ்வளவுதான். பேப்பர் ஓரத்தில், சிகரெட் அட்டையில், ஒருத்தர் உள்ளங்கையில் என்று ஆளாளுக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்து பேர் எழுதியதில் ஐந்து விடை. ஒருத்தருக்கு சைபர் ஒன்பது, ஒருத்தருக்குப் பதினொன்று. ஒரு அண்ணாச்சி, "கோடிக்கு எட்டு சைபர்" என்று மேஜையில் தட்டிச் சத்தியமே செய்தார். கோடிக்கு ஏழுதான் அண்ணாச்சி என்று சொல்ல எனக்கே ஒரு நிமிஷம் பயமாக இருந்தது.

எழுதிக் காட்டுகிறேன்: 17,66,45,00,00,000. மொத்தம் 13 இலக்கம்.

இதை இந்திக்காரர் தடுமாறாமல் வாசிப்பார்: 17 கரப், 66 அரப், 45 கரோட். கோடிக்கு மேலே நூறு நூறு மடங்காக அரப், கரப், நீல், பத்ம, சங்க் என்று அவர்களுக்குப் படி இருக்கிறது. நமக்குப் பேச்சு வழக்கில் கோடியோடு படிக்கட்டு முடிந்துவிடுகிறது. தமிழில் 'கோடி' என்றால் கடைசி, முனை என்றும் ஒரு அர்த்தம். தெருக்கோடி, கடைக்கோடி என்கிறோமே! தெருக்கோடிக்கு அப்பால் எந்தத் தெரு என்று நம் ஆட்கள் கேட்கவில்லை போல.

கேட்காமல் சும்மா இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. அடுக்கினார்கள். லட்சத்தைத் தூக்கிக் கோடி தலையில் வைத்து 'லட்சம் கோடி' என்றார்கள். இது ஏதோ அலைக்கற்றை காலத்து டி.வி. செய்தியாளர்கள் கண்டுபிடித்தது என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. வெம்பக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வார் ஊர். அவருடைய திருப்பல்லாண்டின் தொடக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். பெருமாளை வாழ்த்துவதற்கு ஆயிரம், கோடி, நூறாயிரம் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஆண்டுகளை அடுக்குகிறார். நூறாயிரம் என்றால் லட்சம். கோடியையும் நூறாயிரத்தையும் பெருக்கினால் 1 போட்டுப் பன்னிரண்டு சைபர். அதாவது நம்முடைய லட்சம் கோடி! ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எங்கள் ஜில்லாக்காரர் ஒருவர் போட்டுவைத்த கணக்கு. அவர் கடவுளுக்கு வயசு கூட்டினார். நாம் டீக்கடையில் ஊழல் கணக்குக்கு எடுத்துக்கொண்டோம்.

சரி, பேர் கிடைத்துவிட்டது. எண் கிடைத்ததா? லட்சம் கோடி என்று கேட்டால் உங்கள் மண்டைக்குள் என்ன தெரிகிறது? எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. 'ரொம்ப' என்று மட்டும் தெரிகிறது. லட்சம் என்றால் ரொம்ப, கோடி என்றால் ரொம்ப ரொம்ப, லட்சம் கோடி என்றால் ரொம்ப ரொம்ப ரொம்ப.

இதற்கு எங்கள் ஊர்ச் சரக்கை வைத்தே ஒரு வழி கண்டுபிடித்தேன். தீக்குச்சி! ஒரு மரக்குச்சியின் நீளம் சுமார் நாலு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு 50 குச்சி. (தயவுசெய்து யாரும் எண்ணிப் பார்க்க வேண்டாம். மறுபடி வாலா கதையாகிவிடும்.) தலைக்கு வால் முட்டுகிற மாதிரி குச்சிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்துக்கொண்டே போகிறோம்.

ஆயிரம் குச்சி 40 மீட்டர். மாமா வீட்டிலிருந்து கிளம்பினால் பக்கத்துச் சந்து முக்கு. லட்சம் குச்சி நாலு கிலோமீட்டர். அடுத்த ஊருக்கு சைக்கிளில் போகிற தூரம். கோடி குச்சி 400 கிலோமீட்டர். அதாவது வெம்பக்கோட்டையில் ஆரம்பித்த வரிசை மதுரை, திருச்சி தாண்டி விழுப்புரம் பக்கம் வந்து நிற்கும். அத்தனையும் வாங்க ரெண்டு லட்சம் பெட்டி வேண்டும். 600 பெட்டி ஒரு பண்டல் என்ற கணக்கில் 333 பண்டல், அதற்கு மேலும் 200 பெட்டி. 2021 டிசம்பர் ஒன்றாம் தேதி பெட்டி விலை பதினாலு வருஷத்துக்கு அப்புறம் ஒரு ரூபாயிலிருந்து ரெண்டு ரூபாயாக ஏறியது. அந்த விலையில் நாலு லட்ச ரூபாய். ஆக, நாலு லட்ச ரூபாயும் பொறுமையும் இருந்தால் 'கோடி' என்பதை நீங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். விழுப்புரம் வரை குனிந்து வைக்க முதுகும் வேண்டும், அது உங்கள் பொறுப்பு.

இப்போது லட்சம் கோடி. விழுப்புரம் எல்லாம் எந்த மூலைக்கு? நாலு கோடி கிலோமீட்டர்! சந்திரன் இருப்பது 3,84,400 கிலோமீட்டரில். இங்கிருந்து சந்திரனுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போய்... இப்படி 52 தடவை போய் வரலாம். டீக்கடையில் எழுதினார்களே, அந்த 1,76,645 கோடிக்குக் குச்சி வைத்தால் சூரியனுக்குப் போகிற வழியில் பாதிக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும். அதற்கு மேல் வைத்தால் குச்சி தானே பற்றிக்கொள்ளும் என்று தோன்றுகிறது.

குச்சி வேண்டாம், வாயால் எண்ணுகிறேன் என்கிறீர்களா? செகண்டுக்கு ஒன்று வீதம், தூங்காமல், சாப்பிடாமல். லட்சம் வரை எண்ண ஒரு நாளும் நாலு மணி நேரமும் ஆகும். கல்யாண வீட்டில் முதல் நாள் ராத்திரி ஆரம்பித்தால், மறுநாள் பந்தலைப் பிரித்த பிறகுதான் முடியும். கோடிக்கு 116 நாள். லட்சம் கோடிக்கு 31 ஆயிரத்துச் சொச்சம் வருஷம். கோடிக்கும் லட்சம் கோடிக்கும் பேச்சில் ஒரு வார்த்தைதான் வித்தியாசம். எண்ணி முடிக்கிறவனுக்கு, பள்ளிக்கூட அரைப் பரீட்சை லீவுக்குள் முடியாதா என்று ஏங்குவதற்கும், கற்காலத்திலேயே ஆரம்பித்திருக்க வேண்டும் என்று வருந்துவதற்கும் உள்ள வித்தியாசம்.

1997-ல் 'அருணாச்சலம்' பார்த்தபோது ரஜினி 30 நாளில் 30 கோடி செலவழிக்க முடியாமல் திண்டாடியதும், ஜெயித்தால் 3,000 கோடி என்றதும் ஞாபகமிருக்கும். நாளைக்கு ஒரு கோடி என்றால் செகண்டுக்குச் சுமார் 116 ரூபாய். இடைவேளையில் முறுக்கு வாங்க நின்ற நேரத்தில் மனசுக்குள் போட்ட கணக்கு இது. கியூவில் பத்து நிமிஷம் நின்றேன். ரஜினிக்கு அதற்குள் 69 ஆயிரம் போயிருக்கும். எனக்கு முறுக்கே கிடைக்கவில்லை.

நம் பழைய ஆட்களுக்கு நிஜமாகவே கோடிக்கு மேல் பேர் தெரியாதா என்றால், அதுவும் தப்பு. பேர் ஏராளமாக இருந்தது. அதுவும் என்ன பேர்! தாமரை, ஆம்பல், குவளை, நெய்தல், சங்கம், வெள்ளம். பூக்கடையில் சொல்கிற மாதிரி இருக்கிறதா? எல்லாம் எண்கள்! 'ஐ', 'அம்', 'பல்' என்று முடிகிற எண்ணுப் பெயர்கள் மற்ற எண்ணோடு எப்படிச் சேரும் என்பதற்குத் தொல்காப்பியத்தில் இலக்கண விதியே இருக்கிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரைகாரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். பரிபாடலின் ரெண்டாம் பாட்டில் கீரந்தையார், உலகம் தோன்றி ஒடுங்கிய காலத்தை நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம் என்று ஊழிக் கணக்காகவே எண்ணுகிறார். கம்பர் கணக்கில் வானர சேனை எழுபது வெள்ளம்.

ஒரு வெள்ளத்துக்கு எத்தனை குரங்கு? இங்கேதான் ஆயிரம் வாலா சமாசாரம். ஒரு நூலில் ஒரு கணக்கு, இன்னொரு நூலில் வேறு கணக்கு. வரிசைகூட மாறும். எந்தக் கணக்கை எடுத்தாலும் அத்தனை பேரும் ராமேஸ்வரத்தில் ஒற்றைக் காலில் நிற்கக்கூட இடம் பத்தாது. கம்பருக்கு அதுவா கவலை? சீதையை மீட்கப் போகிற சேனை, தண்ணீர் மாதிரி பெருகி வருகிறது. 'வெள்ளம்' என்ற பேரே போதும். எண்ணு இல்லடா, பேரு.

இந்தப் பூப் பேர்களைக் கேட்கும்போதெல்லாம் இதை எவனோ எங்கள் ஊர்ப் பட்டாசுக்காரன்தான் வைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றும். பூச்சட்டி, சங்குசக்கரம் என்று கரிமருந்துக்குப் பேர் வைக்கிற அதே மனசு! சங்கு என்றதும் இன்னொன்று. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. சங்கு வளையல்கள், மணிகள், சுடுமண்ணில் செய்த ஆட்டக்காய்கள் என்று ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஆட்டக்காய் இருந்தால் ஆட்டம் இருந்திருக்கும், ஆட்டம் இருந்தால் எண்ணுகிறவன் இருந்திருப்பான், எண்ணுகிறவன் இருந்தால் கள்ளாட்டம் ஆடியவனும் இருந்திருப்பான். 'நாலஞ்ச டவுசர்ல போட்டுக்கிட்டே' சண்டை எங்கள் மண்ணுக்குப் புதுசில்லை.

பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. சைபரை எண்ணிக் கண் வலிக்க வேண்டியதே இல்லை. தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி எழுத்து. லட்சத்தை ௱௲ என்று ரெண்டே எழுத்தில் முடிப்பார்கள். கோடி ௱௱௲. நூறு நூறு ஆயிரம்! எண்ணிப் பாருங்கள், சைபர் ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான யூனிகோடில் தமிழ் சைபர் வந்து சேர்ந்ததே 2005-ல்தான். அதுவரை மற்ற எண்களெல்லாம் சைபர் வருவான் வருவான் என்று காத்துக்கொண்டிருந்தன. சின்னக் கணக்கில் இவர்கள் இன்னும் கில்லாடிகள். 'இம்மியளவும் பிசகவில்லை' என்கிறோமே, அந்த இம்மி சும்மா பேச்சுக்கு இல்லை. அது 21,50,400-ல் ஒரு பங்கு! பெரிசுக்குப் பூவின் பேரை வைத்துவிட்டு, சிறிசைத் துல்லியமாக வெட்டியிருக்கிறார்கள். விவரமான ஆட்கள். பெரிசைக் கடவுளும் ராஜாவும் பார்த்துக்கொள்வார்கள். சந்தையில் ஏமாறுவது சிறிசில்தானே?

வெள்ளைக்காரன் மட்டும் ஒழுங்கா என்று கேட்டால், அவன் நம்மைவிட மோசம். 'பில்லியன்' என்றால் அமெரிக்காவில் 1 போட்டு ஒன்பது சைபர். இங்கிலாந்தில் பன்னிரண்டு சைபர். ஒரே பாஷை, ஒரே வார்த்தை, நடுவில் ஆயிரம் மடங்கு வித்தியாசம்! 1974-ல்தான் பிரிட்டிஷ் அரசாங்கம் அமெரிக்கக் கணக்குக்கு இறங்கி வந்தது. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து இங்கிலீஷ் டிக்ஷனரி இருந்தால் அதை நம்பி பில்லியன் கணக்குப் போடாதீர்கள்.

எனக்கு டிக்ஷனரி இல்லாமலேயே வினை வந்தது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கடிதத்தைச் சுருக்கி எழுதச் சொன்னார்கள். அதில் '1.2 பில்லியன்'. நான் தெளிவாக '12 கோடி' என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, ஆடித் தள்ளுபடியே அம்பது பர்சென்ட்தான். நீங்க தொண்ணூறு குடுத்திருக்கீங்களே!" என்றார். அன்றிலிருந்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கும் உதவும்: மில்லியன் என்றால் பத்து லட்சம், பில்லியன் என்றால் நூறு கோடி, டிரில்லியன் என்றால் லட்சம் கோடி. சைபர் முறையே 6, 9, 12. மேனேஜர் பக்கம் வரும்போது மட்டும் அதன்மேல் டம்ளரை வைத்து மறைத்துவிடுவேன்.

'கூகல்' கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1920 வாக்கில் அமெரிக்கக் கணித மேதை எட்வர்ட் காஸ்னர், 1 போட்டு நூறு சைபருக்கு ஒரு பேர் சொல்லேன் என்று தன் ஒன்பது வயது மருமகனைக் கேட்க, பையன் உளறிய வார்த்தை அது. பிற்பாடு எழுத்தை மாற்றிப் போட்டு ஒரு கம்பெனிக்குப் பேராகிவிட்டது. எனக்கு அதில் ஆச்சரியம் சைபர் இல்லை. அந்த ஊரிலும் மாமாவிடம்தான் மருமகன் கணக்குப் பேசியிருக்கிறான்!

பேர் பெருத்து எண் செத்துப்போன இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜிம்பாப்வே போக வேண்டும். 2009 ஜனவரியில் அங்கே நூறு டிரில்லியன் டாலர் நோட்டு அடித்தார்கள். ஒரே நோட்டில் 14 சைபர். நம் கணக்கில் கோடியைக் கோடியால் பெருக்கினால் வருவது. 'கோடானுகோடி' என்று மேடையில் முழங்குவார்களே, அது அங்கே சட்டைப் பையில் இருந்தது! அடுத்த மாதமே பன்னிரண்டு சைபரை வெட்டினார்கள். அப்படியும் பணம் பிழைக்கவில்லை. 2015-ல் அந்தப் பழைய நூறு டிரில்லியனுக்கு பாங்கில் கிடைத்தது 40 அமெரிக்க சென்ட். நம்மூர் டீக்கடை ஞாபகம் வந்தது. பதினாலு சைபருக்கு அங்கே ரெண்டு டீயோடு வடை கிடைத்தால் அதிகம்.

எழுத உட்காரும்போது இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் பெரியம்மாவைச் சொல்லாமல் விட்டால் அது கணக்குக்கே துரோகம்.

பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. வீட்டில் தீப்பெட்டி ஒட்டினாள். எங்கள் பக்கம் பாதி வீட்டில் அதுதான் தொழில். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுக்கொண்டு வந்த தொழில், திண்ணை திண்ணையாகப் பரவிவிட்டது. பசைச் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒட்டுவார்கள். கூலி குரோஸ் கணக்கில். ஒரு குரோஸ் என்றால் 144. இங்கிலீஷ் வியாபாரி விட்டுப்போன எண். பத்துக்கும் நூறுக்கும் பொருந்தாத அந்த 144-ஐ, பள்ளிக்கூடமே பார்க்காத பெண்கள் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கி, கண் மூடித் திறப்பதற்குள் எண்ணிவிடுவார்கள். நான் ஆறாம் வகுப்பில் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்குப் பிரம்படி வாங்கிக்கொண்டிருந்த சமயம் அது.

பெட்டி எடுக்க வருகிற ஏஜென்ட் ஒருத்தன் (பேர் வேண்டாம்), குரோஸுக்கு 150 எண்ணி எடுத்துக்கொள்வான். "ஆறு பெட்டி சேதாரத்துக்குக்கா. நசுங்கும், பிரியும்ல" என்பான். எல்லா வீட்டிலும் கொடுத்தார்கள். ஆறு பெட்டியில் என்ன வந்துவிடப்போகிறது?

பெரியம்மா சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் ஏஜென்ட் கூலி எண்ணி வைத்தபோது, "தம்பி, ஒரு குரோஸு கூலி கொறையுதே" என்றாள்.

"இருவத்தினாலு குரோஸு. சரியா இருக்கேக்கா."

"ஒங்கிட்ட நான் குடுத்தது இருவத்தினாலு இல்ல, இருவத்தஞ்சு. ஆறு ஆறா எடுத்தியே, இருவத்தினாலு தடவைக்கு எம்புட்டு? எண்ணு."

அவன் விரல் விட்டு எண்ணினான். நானும் உள்ளே உட்கார்ந்து சிலேட்டில் போட்டேன். 24-ஐ 6-ஆல் பெருக்கினால் 144. சுத்தமாக ஒரு குரோஸ்! மீதி வைக்காமல், இம்மி பிசகாமல். பத்து நாளைக்கு ஒரு தடவை ஒரு குரோஸ் ஓசியில் போய்க்கொண்டிருந்திருக்கிறது, பெரியம்மா வீட்டிலிருந்து மட்டும். தெருவில் எத்தனை வீடு, வருஷத்துக்கு எத்தனை பத்து நாள் என்று நான் மேலே பெருக்கப் போனேன். பெரியம்மா, "ஏலே, அத நீ பெறகு பெருக்கு. மொதல்ல இந்தக் காச வாங்கு" என்றாள்.

அன்றைக்குக் கூலி வந்தது. அடுத்த வாரம் ஏஜென்ட் பெரியம்மாவுக்கு மட்டும் பெட்டி கொடுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் தெருவில் யாருமே பெட்டி வாங்க மறுத்துவிட்டார்கள். மூன்றாவது வாரம் அவன் 144 எண்ணினான்.

மாமா ரிட்டயர்டு ஆகி வெகுநாளாயிற்று. போன தடவை போயிருந்தபோது இதையெல்லாம் சொன்னேன். தாமரை, ஆம்பல், கூகல், ஜிம்பாப்வே எல்லாம். ஆர்வமாகத்தான் கேட்டுக்கொண்டார். பிறகு, "பத்தாயிரம் வாலா ஓடுன ஆபீஸ்ல நான் இருந்தப்ப எனக்குப் பெரிய எண்ணு எது தெரியுமா?" என்றார்.

"எது மாமா?"

"நாலு."

மருந்து அறை வாசலில், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து இருக்கலாம் என்று எழுதியிருக்கும். மாமா பார்த்த அறைகளில் ஆள் கணக்கு 4. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் லட்சத்தில் வரும், மேலே இருந்து அவசரம் வரும், நாலு ஆறாகும், மரத்தடியிலும் உட்காரவைப்பார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் வெடித்ததில் 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அன்றைக்கு ராத்திரி மாமா சாப்பிடவில்லை என்று அத்தை சொல்லியிருந்தாள்.

"நீங்க எப்படி மாமா சமாளிச்சீங்க? பொழுதுக்கும் உள்ள போயித் தலைய எண்ணுவீங்களா?"

"உள்ள போனா நான் அஞ்சாவது ஆளுல்ல?" என்றார் மாமா. "செருப்பக் கழட்டி வாசல்ல போட்டுட்டுத்தான் உள்ள போகணும். நான் தூர நின்னு செருப்ப எண்ணுவேன். எட்டு இருந்தா அடுத்த ரூமுக்குப் போயிருவேன். பத்து இருந்துச்சுன்னா, அங்கன நின்னே பேரச் சொல்லி ஒவ்வொருத்தரா வெளிய கூப்புடுவேன். மெதுவாத்தான் கூப்புடணும். பதறி எந்திரிச்சிறக் கூடாது பாரு."

பேசிவிட்டுக் கிளம்பினேன். மாமா வாசல் வரை வந்தார். வீட்டுக்கு அன்றைக்கு விருந்தாடிகள் நிறைய. திண்ணைக்குக் கீழே செருப்புகள் குவிந்து கிடந்தன. மாமா கண் தன்னால் அந்தப் பக்கம் போய், உதடு லேசாக அசைந்ததைப் பார்த்தேன்.